புதன்கிழமை யார் முறை?

“வேலை எங்கே ஓடிப்போகிறது? பிள்ளைக்கு இந்த வயது திரும்பி வருமா?” என்று போனில் கேட்டாள் தோழி. செவிலியர் பயிற்சியில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவள். மகப்பேறு விடுப்பு முடிந்து நான் பணிக்குத் திரும்பிய வாரம் அது. அவள் கோயம்புத்தூரில் தனியார் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். மாடியில் கீரை போடுகிறாள், மதியம் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். அதைச் சொல்லும்போது குரலில் உண்மையான சந்தோஷம் தெரிகிறது. குத்திக்காட்டக் கேட்டவள் அல்ல என்பதால் நானும் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுப் போனை வைத்தேன். கேள்வி என்னை விடவில்லை. பின்பாதியை மறுக்க வழியே இல்லை. என் மகள் முதன்முதலாகச் சுவரைப் பிடிக்காமல் நின்றதை மாமியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் வழக்கெல்லாம் முன்பாதியோடுதான். வேலை எங்கும் ஓடிப்போகாது என்று எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

போனைத் திறந்தால் மெதுவான வாழ்க்கை பற்றிய காணொளிகளாக வந்து விழுகின்றன. மண்சட்டியில் குழம்பு, திண்ணையில் தூறல், பின்னணியில் புல்லாங்குழல். ஓட்டத்தை நிறுத்துங்கள், தாய்மையை ருசியுங்கள் என்கிறார்கள். எனக்கு அதில் பகை இல்லை. தூறலும் பிடிக்கும், மண்சட்டி மீன்குழம்பும் பிடிக்கும். அந்தச் சட்டிக்கு மீன் கொண்டுவந்தவர் யார், அவர் கடலில் இருந்தபோது அவருடைய பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லையே என்பதுதான் எரிச்சல். மெதுவாக வாழ்வது ஒருத்தி காலையில் எழுந்து தனியாக எடுக்கிற முடிவு என்பது போலப் பேசுகிறார்கள். நான் இருக்கிற பாம்பன் தீவில் யாரும் அப்படி முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. அரசாணையும் காற்றும் முடிவெடுக்கின்றன. நாங்கள் அதற்குத் தக்கபடி உலை வைக்கிறோம்.

கடல் கொடுக்கும் விடுமுறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கப் பருவம் என்று முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் 61 நாளாக்கினார்கள். அது போக, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காது. படகுகள் நங்கூரம் போட்டுக் கிடக்கும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் வேலைநிறுத்தம் வரும். இப்படிப்பட்ட நாள்களில்தான் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தகப்பன் முகம் பகல் வெளிச்சத்தில் தெரிகிறது. கூண்டு ஏறினால் ஊருக்குக் கவலை, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மானாவாரி ஊர்க்காரி. மிளகாய்க் காட்டு வரப்பில் வேப்பமரத்து நிழலில் என்னைப் படுக்கப் போட்டுவிட்டு என் அம்மா பழம் பறித்திருக்கிறாள். வேலை கிடைத்து இந்தத் தீவுக்கு வந்து, இங்கேயே கல்யாணமும் ஆனது. கணவர் விசைப்படகில் டிரைவர். மாமியார் கடல்பாசி எடுப்பவர். அரசாங்க நர்சுக்குக் கடற்கரையில் என்ன மரியாதை என்றால், திருமணத்துக்கு வந்த பாதிப் பேர் மொய் எழுதிய கையோடு ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பணிக்குத் திரும்பிய சில வாரங்களில் தடைக்காலம் தொடங்கியது. கணவர் காலையில் ராமேசுவரம் போய்ப் படகில் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது என்று இருந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். பாசி எடுக்கும் பெண்களும் அந்தப் பருவத்தில் கடலில் இறங்குவதில்லை. ஆக வீட்டில் இரண்டு பெரியவர்கள். மகளைக் குளிப்பாட்டும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அவரோ ஒரு கை அள்ளித் தன் பின்கழுத்தில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்கு ஊற்றுவார். வடம் இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையில் சூடு உறைக்காதாம். நுங்குக் காலம் வேறு. சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது மகளின் கழுத்து மடிப்பெல்லாம் நுங்குத் தண்ணீர் காய்ந்து பிசுபிசுத்துக் கிடக்கும். நாங்கள் நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுவது பழக்கமாகவே ஆனது. தோழி சொன்ன வாழ்க்கை இதுதான் போலிருக்கிறது, வேலையையும் விடாமல் இதுவும் கிடைத்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

என்ன, அந்த மெதுவுக்கு வட்டி உண்டு. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 5,000 ரூபாயாக இருந்ததை உயர்த்துவதாக 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு எட்டாயிரம். எங்கள் வீட்டில் என் சம்பளம் இருந்தது, சமாளித்தோம். பக்கத்து வீட்டு வளையல் அடகுக்குப் போனது. ஆனி மாதம் படகு இறங்கியதும் அந்த வீட்டின் முதல் பங்குப் பணம் வட்டிக் கடைக்குத்தான் போயிற்று. அந்த வீட்டிலும் தகப்பன் பிள்ளையைக் குளிப்பாட்டினார், நுங்கு வெட்டிக் கொடுத்தார். அதை யாரும் காணொளியாக எடுக்கமாட்டார்கள்.

நான்கு மணி நேரக் குப்பி

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி. கிராம சுகாதார செவிலியருக்கு மற்ற நாள்களில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். கர்ப்பிணி வீட்டுக்கு இன்று போகாவிட்டால் நாளை போகலாம், பதிவேட்டை ராத்திரி உட்கார்ந்து எழுதலாம். புதன்கிழமையை அசைக்க முடியாது. காலையில் குளிர்பெட்டியில் ஐஸ் பொதிகளுக்கு நடுவே குப்பிகள் வந்துவிடும். அதில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான தடுப்பூசி பொடியாக வரும். கரைசலை ஊற்றிக் கலக்கிய நிமிடத்திலிருந்து நான்கு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். கலக்கிய நேரத்தைப் பேனாவால் குப்பியின் மேலேயே எழுதிவிடுவேன். பத்து மணிக்குக் கலக்கினால் இரண்டு மணிக்கு மீதி இருப்பதை எறிந்துவிட வேண்டும். ஆகவே பட்டியலில் உள்ள பிள்ளைகள் அத்தனை பேரையும் அதற்குள் வரவழைக்க வேண்டும். வராத வீட்டுக்குப் போன், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன், அதுவும் ஆகாவிட்டால் அங்கன்வாடி உதவியாளரை அனுப்புவது. காலையில் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் என் மகளுக்கும் ஏறக்குறைய அதே நான்கு மணி நேரம்தான் தாங்கும். நெஞ்சு கனக்கத் தொடங்கும்போது குப்பியில் இன்னும் எத்தனை டோஸ் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன்.

இந்த வேலை ஏன் முக்கியம் என்று கேட்டால் சேவை, தியாகம் என்றெல்லாம் எனக்குச் சொல்ல வராது. ஒன்று சொல்கிறேன். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, கால் வீங்கியிருந்ததை நின்று நின்று வேலை பார்த்த வீக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலைவலியையும் யாரிடமும் சொல்லவில்லை. கருவியைக் கட்டிப் பார்த்தால் ரத்த அழுத்தம் 150-க்கு 100. சிறுநீரில் புரதம். 108-ஐ அழைத்து, பாலம் தாண்டி, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தூரம் போய் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பையன் இப்போது புதன்கிழமை வரிசையில் என்னைப் பார்த்ததும் அலறுகிறான். நான் இல்லாவிட்டால் யாரும் இல்லை என்று நினைப்பது அகம்பாவம்தான். என் இடத்தில் வேறொருத்தி இருந்திருப்பாள். ஆனால் இடம் காலியாகவும் இருந்திருக்கலாம். காலியிடங்களைப் பற்றி எங்கள் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருக்கும். நிரந்தரப் பணியில் உள்ள எனக்கு ஓராண்டு மகப்பேறு விடுப்பு. 2021-இல் தமிழ்நாடு அரசு ஒன்பது மாதத்தை ஒரு வருடமாக்கியது. தனியாரில் இருப்பவர்களுக்கு 2017-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 26 வாரம், அதுவும் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடமாக இருந்தால். என் முன்னால் உட்காரும் பெண் நண்டுச் சதை உரிக்கப் போகிறவள், கருவாடு காயப்போடுகிறவள், பாசி எடுக்கிறவள். அவளுக்கு முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய், தவணை தவணையாக. நல்ல திட்டம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று நான் சொல்லும்போது ஒருத்தி கேட்டாள்: “நான் ஆறு மாதம் வீட்டில் இருக்கிறேன் நர்சம்மா, கடன்காரன் அவன் வீட்டில் இருப்பானா?” பாலைப் பிழிந்து வைத்துச் சங்கில் புகட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அதைப் புகட்டப் பகலில் வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று காலண்டர்கள்

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் எங்கள் வீட்டின் கணக்குகள் வெளியே வந்தன. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் வாரம் மூன்று நாள் போகும்: திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. புதன்கிழமை காலையில் கிளம்பினால் வியாழன் காலையில்தான் கரை. என் புதன்கிழமையும் அவருடைய புதன்கிழமையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. அரசாங்கத்தில் யாராவது இரண்டு கோப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மூன்றாவது காலண்டர் மாமியாருடையது. அது வாரக்கணக்கில் ஓடாது. நிலாவின் கணக்கில் ஓடுவது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றும் நாள்களில்தான் பாறைகளில் பாசி கைக்கு எட்டும். மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்று இந்தப் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அப்படிக் கூட்டாக நின்றதற்காகத்தான் சின்னப்பாலத்துப் பாசிப்பெண் லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாகப் போய்வந்த இடங்களுக்கே பயந்து போகவேண்டியதாயிற்று என்று அத்தை சொல்வார். கச்சான் காற்றில் தென்கடல் குமுறினால் வடகடல் பக்கம் இறங்குவார்கள். கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை, விரல்களில் சுற்றப் பழைய சேலைக் கிழிசல். இவ்வளவுதான் தளவாடம். மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பிய்த்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகார் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். பயிற்சியில் நுண்ணுயிரியல் வகுப்பில் தட்டுத் தட்டாக நாங்கள் பார்த்த அதே அகார். அதற்குப் பின்னால் ஒருத்தியின் விரல் கிழிந்திருக்கும் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை.

அங்கன்வாடியில் இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். என் அம்மா மிளகாய்க் காட்டை விட்டு வரமுடியாது. ஆகவே படகு போகும் புதன்கிழமைகளில் அத்தைதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். தண்ணீர் வற்றும் நாள் புதனில் விழுந்தால் அன்று கடலுக்குப் போகமாட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்பதால் அதில் முடிவெடுக்க ஏதோ இருக்கிறது என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

அமாவாசைக்கு மறுநாள்

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அன்று அமாவாசை. நான் மறுநாளைக்கான பிள்ளைகள் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் டிபன் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “நாளைக்குப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா” என்றார். வாரா வாரம் சொல்வதுதான். அத்தை தரையில் உட்கார்ந்து பழைய நூல் சேலையை விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், “நாளைக்கு நான் போகிறேன். தண்ணீர் நன்றாக வற்றும். நீ ஒரு நாள் இரு” என்றார்.

“படகுக்கு யார் போவது?”

“கரையில் எத்தனை டிரைவர் உட்கார்ந்திருக்கிறான். ஒருத்தனை அனுப்பு.”

“பங்கு போய்விடும் அம்மா.”

“எனக்குப் போகவில்லையா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பேச்சில் நான் எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அது மருமகள் பேச்சாகிவிடும். அவர் விடவில்லை; அந்தக் காலத்தில் நீங்கள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பாசி உதறினீர்களே, இப்போது என்ன வந்தது என்றார். மகன்கள் எல்லாரும் ஏதாவது ஒரு நாள் சொல்லிவிடுகிற வாக்கியம். அத்தை கிழித்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தார். “உதறினேன். அது நன்றாக இருந்தது என்று உன்னிடம் எப்போது சொன்னேன்?” என்றார். குரல் உயரவே இல்லை. பிறகு மீதித் துணியையும் கிழித்து, ஒவ்வொன்றாகச் சுருட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் அதிகாலையில் அத்தை வலைப்பையோடு கிளம்பிப் போனார். எட்டு மணிக்கு நான் கிளம்பினேன். வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு, படகு உரிமையாளருக்கு என்ன சொல்வது என்று போனைப் பார்த்தபடி நின்றிருந்தார் என் கணவர்.

அன்று என் மகளுக்கும் ஊசி. பதினாறாம் மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட வேண்டும். பதினொரு மணி வாக்கில் அவளைத் தோளில் போட்டுத் துண்டால் தலையை மூடிக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்துசேர்ந்தார். வரிசை முழுக்கப் பெண்கள், பாட்டிகள். முன்னால் போகச் சொல்லி இடம் விட்டார்கள், போகவில்லை. “கடலுக்குப் போகவில்லையா?” என்று ஒரு பாட்டி கேட்டதற்கு, “பிள்ளைக்கு ஊசி” என்றார், அவ்வளவுதான். முறை வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார். வலது கையில் போட்டபோது மகள் அழவில்லை; இவளா இப்படிச் செய்கிறாள் என்று என்னையே பார்த்தாள். தொடையில் இரண்டாவது இறங்கியதும் அலறி, நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மேசையில் குப்பி. அதன் மேல் 10.20 என்று என் கையெழுத்து. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் இருக்கச் சொல்வோம். அவர் பூவரச மரத்தடியில் நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. உரிமையாளர்தான் என்பது அவர் வேலியோரம் தள்ளிப்போனதிலேயே தெரிந்தது. மாற்று டிரைவரோடு படகு போய்விட்டிருந்தது. அன்று இறால் நன்றாகப் பட்டதாம். வியாழக்கிழமை காலையில் தெருவில் பார்த்த எல்லாரும் ஒருவர் விடாமல் அதை அவரிடம் சொன்னார்கள்.

மாற்று ஆள்

சம்பாத்தியக் கணக்குப் போட்டால் அத்தை வீட்டில் இருந்திருக்க வேண்டும். மூன்று பேரில் அவருடைய வரும்படிதான் குறைவு. நானும் கணவரும் வேலைக்குப் போக, குறைவாகச் சம்பாதிப்பவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று யாரும் சொல்வார்கள். உலகம் முழுக்க இந்தக் கணக்குதான் ஓடுகிறது. என் தோழி வேலையை விட்டதும் இதே கணக்கில்தான். அவள் கணவரின் சம்பளம் அவளுடையதைப் போல் மூன்று மடங்கு. கீரையும் மதியத் தூக்கமும் பிறகு வந்தவை.

அத்தை அந்தக் கணக்கையே போடவில்லை என்பது எனக்கு அடுத்த வாரம்தான் உறைத்தது. யார் குறைவாகச் சம்பாதிக்கிறார் என்று அவர் பார்க்கவில்லை. யாருக்கு மாற்று ஆள் கிடைப்பார் என்று பார்த்தார். டிரைவருக்குக் கிடைப்பார், பணம் போகும், படகு நிற்காது. எனக்குப் புதன்கிழமை மாற்று ஆள் கிடையாது, கலக்கிய குப்பிக்கு இரண்டாம் வாய்ப்பும் கிடையாது. அத்தைக்கும் கிடையாது. அமாவாசைத் தண்ணீரை விட்டால் பௌர்ணமிக்குத்தான். ஆக ஓடிப்போகிற வேலை இரண்டு, ஓடிப்போகாத வேலை ஒன்று. வீட்டில் இருக்க வேண்டியவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. அதிகமாகச் சம்பாதிக்கிற ஆம்பளையின் வேலைதான் மூன்றில் எளிதாக மாற்றக்கூடியது என்பதை என் கணவர் ஜீரணிக்கச் சில நாள் ஆயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கே ஆயிற்று.

இந்தக் கரைக்கு முறைவைப்பு புதிதும் இல்லை. மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு யாருடைய பெருந்தன்மையாலும் வரவில்லை. வலைகள் அறுந்து, அடிதடியாகி, பேசிப் பேசி ஓய்ந்து வந்தது. பெரிய படகுக்காரரிடம், கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று கேட்டிருந்தால் சின்னப் படகுக்குக் கடலே மிஞ்சியிருக்காது. கிழமை குறித்த பிறகுதான் கொஞ்சமாவது மிஞ்சியது. அதையும் மீறுகிறார்கள், அது வேறு கதை. வீட்டில் மட்டும் நாம் ஏன் கிழமை குறிக்காமல் மனசை நம்புகிறோம்? “அவர் எனக்கு ரொம்ப உதவியாக இருப்பார்” என்று சொல்லும் பெண்களிடம் நான் இப்போது, எந்தெந்தக் கிழமை என்று கேட்கிறேன். சிரிக்கிறார்கள். சிலர் யோசிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நகைக்கடைக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. அத்தைக்கு எழுத வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துவிடுவார். படகு நாள்களைக் கணவர் நீல மையில் சுழிப்பார். என் புதன்கிழமை பிறவியிலேயே அங்கே இருக்கிறது. மூன்றும் ஒரே கட்டத்தில் விழுந்தால் அவர் இருப்பார். பொட்டு இல்லாத புதனில் அத்தை இருப்பார். சனிக்கிழமை பெரும்பாலும் என்னுடையது. மாதாந்திரக் கூட்டத்துக்கு நான் ராமநாதபுரம் போக வேண்டியிருந்தால் அன்று காலையிலேயே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். மூன்று மாதத்துக்கு முன்பு உரிமையாளர், இப்படி விட்டு விட்டு வருவதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். பிறகு கணவர் தன் சித்தப்பா மகனோடு பேசி, தான் நிற்கும் நாளில் அவர் போவது, அவர் நிற்கும் நாளில் தான் போவது என்று ஏற்பாடு செய்துகொண்டார். அந்தத் தம்பிக்கும் கைக்குழந்தை இருக்கிறது. அவர் மனைவி நண்டுக் கம்பெனிக்குப் போகிறவர்.

மெதுவான வாழ்க்கை கிடைத்ததா என்றால், புதன்கிழமை இரவு நான் சோறு வடிக்கும்போதே போனில் தடுப்பூசிப் பதிவுகளை ஏற்றிக்கொண்டிருப்பேன். அதை மெது என்று சொல்லமுடியாது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் கொஞ்சம் இருக்கிறது. அன்று யாருக்கும் கடல் இல்லை என்றால், மகளைத் தூக்கிக்கொண்டு வடகடல் பக்கம் போவோம். முட்டளவு தண்ணீரில் அவளை இறக்கிவிட்டால் குளமாட்டம் கிடக்கிற கடலை இரண்டு கையாலும் அடிப்பாள். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. தோழியிடம் இதைச் சொன்னேன். “உன் மாமியார் மாதிரி எனக்கு ஒருத்தர் வாய்க்கவில்லை” என்றாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரைத்தான் நினைத்துச் சொல்கிறாள் போலிருக்கிறது. மறுத்துவிட்டுப் போன மாமியாரைத்தான் நான் சொன்னேன் என்று விளக்குவதற்குள் அவள் பிள்ளை எழுந்துவிட்டது.

இப்போது புதிய வழக்கு ஒன்று ஓடுகிறது. பொட்டு வைத்த ஒரு நாளில் கணவருக்கு மாற்று ஆள் கிடைக்காமல், அத்தை கடலை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இருந்தார். மறுநாள் காலையில் கணவர் கரையேறி வந்ததும், தான் விட்ட பாசிக்கான பணத்தை அவர் பங்கிலிருந்து அத்தை கேட்டார். சொந்தப் பேத்தியைப் பார்த்துக்கொள்ளக் கூலியா என்று மகனுக்குக் கோபம். பேத்திக்கு இல்லை, உன் நாளை நான் எடுத்துக்கொண்டதற்கு என்றார் அத்தை. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சண்டை வேண்டாம் என்று என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. மகன்தான் தர வேண்டுமாம். அவர் இன்னும் தரவில்லை, அத்தையும் விடுவதாக இல்லை.